குடையின் மறுமுனை

கல்கத்தாவில், பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாளை என் மனைவி பௌதி என்று கூப்பிடுவாள். அண்ணி என்று அர்த்தம். ஊரில் நடக்கிற விபரீதங்கள் எல்லாம் முதலில் மாடிக்குப் போய், அங்கிருந்து எங்கள் சமையலறைக்கு இறங்கி வரும். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கும் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரப் பெண்களும் ஆஸ்பத்திரி நர்ஸுகளும் மைதானத்தில் கால்பந்து ஆடப்போகிறார்கள் என்ற செய்தியும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஐரோப்பிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஏதோ ஓர் அனாதை விடுதிக்கு நிதி திரட்டுவதற்காக அந்த ஆட்டம். நான் கால்பந்துப் பைத்தியம். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் மைதானத்துக்குப் போய்ச் சரிவில் நின்று, பூட்ஸ் போட்ட சோல்ஜர்களுக்கும் வெறுங்கால் வங்காளிகளுக்கும் பாரபட்சம் இல்லாமல் யோசனை சொல்வேன். அவர்கள் கேட்பதில்லை. அதனால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள். கேட்கிறாள் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னாள்:

"ஏன்னா, இந்த ஆட்டத்துக்கு என்னையும் அழைச்சிண்டு போங்கோ."

"அங்கே எல்லாம் ஆம்பளைக் கூட்டம்."

"ஆடறது பொம்மனாட்டிதானே?"

"பார்க்கறது ஆம்பளைடி."

"அப்போ பார்க்கறதுக்கும் ஒரு பொம்மனாட்டி இருக்கட்டும்."

எனக்கு வேறொரு பயம் இருந்தது. எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், வெள்ளிக்கிழமை பஜனைக்கு அவர்தான் தலைவர். முந்தின வாரம் பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, "பொம்மனாட்டி பந்து உதைக்கிறதைப் பார்க்கப் போறவன் திரும்பி வந்து கண்ணைக் கங்கையிலே அலம்பணும்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். தனியாகப் போனால் கண்ணை அலம்பினால் போதும். மனைவியோடு போனால் எதை அலம்புவது என்று அவர் சொல்லவில்லை.

இருந்தாலும் போனோம். டிராமில் எஸ்பிளனேடு வரைக்கும் போய், அங்கிருந்து நடை. ஆனி மாதத்து மழை காலையில் கொட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. புல் எல்லாம் சேறு. நடுத்தெருவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு போவது எங்கள் குலத்தில் கிடையாது. ஆனால் கூட்டத்தில் அவள் தொலைந்துபோகக் கூடாது. இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். மடக்கிய குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் முன்னால் போவேன். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அவள் பிடித்துக்கொண்டு வருவாள். தொட்டது போலவும் ஆயிற்று, தொடாதது போலவும் ஆயிற்று. அந்தக் கண்டுபிடிப்பில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மைதானத்தை நெருங்க நெருங்கக் கூட்டம் இறுகியது. நான் ஆஃப்சைடு விதியை விளக்கத் தொடங்கினேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்டம் பார்ப்பது உப்பில்லாமல் சாப்பிடுவது மாதிரி என்பது என் கட்சி. பந்து உதைபடும் கணத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், நிற்கக் கூடாது என்று உதாரணங்களோடு சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை. குடை நுனி இழுபட்டுக்கொண்டே இருந்தது. அவள் வழக்கத்துக்கு விரோதமாகக் குறுக்கே பேசாமல் வந்தது மட்டும் ஆச்சரியமாக இருந்தது. விஷயம் அவள் மனத்தில் பதிகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"புரியறதாடி?" என்று கேட்டேன்.

"சாடுன் பாபு, சாடுன்" என்று ஒரு தடித்த ஆண் குரல் கேட்டது. விடுங்க பாபு, விடுங்க என்று அர்த்தம்.

திரும்பினேன். மீசை வைத்த ஒரு வேர்க்கடலைக்காரன். கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்த கூடையின் துணிப்பட்டைக்குள் என் குடைக் கம்பி நுழைந்து மாட்டிக்கொண்டிருந்தது. அவனைத்தான் நான் பாதி மைதானம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆஃப்சைடு விதியையும் அவனுக்குத்தான் சொல்லியிருக்கிறேன். கம்பியை விடுவித்துக்கொண்டதும் அவன் கடலை வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இத்தனை தூரம் இழுத்து வந்ததற்காவது வாங்க வேண்டாமா என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். ஆனால் அப்போது எனக்கு நியாயம் காதில் விழவில்லை.

மனைவியைக் காணோம்.

சுற்றிலும் கறுப்புக் குடைகள். வெள்ளை வேஷ்டிகள். கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு புடவை இல்லை. என் மனம் அபாரமான வேகத்தில் வேலை செய்தது. ஆபீஸில் அப்படி வேலை செய்திருந்தால் இதற்குள் நானே தலைமைக் குமாஸ்தா. அசாம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று முதலில் தீர்மானித்தேன். அப்புறம் ரங்கூன் கப்பல் என்று மாற்றிக்கொண்டேன். மாமனாருக்குத் தந்தி வாசகம்கூடத் தயாராகிவிட்டது: 'பெண்ணைக் காணோம். குடை இருக்கிறது.' அதற்குள் இன்றைக்கு ராத்திரி ரசம் யார் வைப்பது என்ற யோசனையும் வந்துவிட்டது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டு மறுபடியும் ரங்கூனுக்குப் போனேன்.

வேலி ஓரத்தில் சிவப்புத் தலைப்பாக் கட்டிய ஒரு போலீஸ்காரன் நின்றான். பீகார்க்காரன். என் ஹிந்துஸ்தானியில் விஷயத்தைச் சொன்னேன்.

"பெயர்?" என்றான்.

என் பெயரைச் சொன்னேன்.

"உங்க பெயர் எதுக்கு? நீங்கதான் தொலையலையே. அந்த அம்மா பெயர்?"

இங்கேதான் சிக்கல். என் மனைவியின் பெயரும் என்னைப் பெற்ற அம்மாவின் பெயரும் ஒன்று. மாமியார் பெயரே மருமகளுக்கும் இருந்தால் அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்யாணத்தன்று புரோகிதர் மந்திரத்தில் சொன்னதோடு சரி. அம்மா அவளை 'இவளே' என்பாள். நான் 'ஏண்டி' என்பேன், நாலு பேர் இருந்தால் 'இந்தா' என்பேன். அம்மா ஊரில் இருக்கிறாள், நாங்கள் கல்கத்தாவில் இருக்கிறோம் என்பதற்காகப் பழக்கம் மாறிவிடுமா? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை அவளுக்காக என் நாக்கு சொன்னதில்லை. போலீஸ்காரன் முன்னால் வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"கல்யாணம் பண்ணிக்கிட்ட சம்சாரம்தானே?" என்று அவன் கேட்டான். கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அரக்குப் புடவை, மடிசார்க் கட்டு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி என்று அடையாளம் சொல்லிவிட்டு நழுவினேன்.

அதற்குள் உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. கூட்டம் உறுமுவது கேட்டது. நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடின ஒரே கால்பந்து ஆட்டம் அதுதான். சரிவில் ஏறி நின்று யோசித்தேன். இத்தனை ஆயிரம் பேரில் தமிழ் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்திதான் இருக்க முடியும். பெயர் எதற்கு? தமிழில் எதைக் கத்தினாலும் அவளுக்குத்தானே? மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினேன்.

"ஏண்டீ..."

எனக்கு நேர் முன்னால் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தவர் திடுக்கிட்டு ஆடிப்போய், என் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். கையில் நீளமான அட்டைக் குழாய். உள்ளே இரண்டு துண்டுக் கண்ணாடி பதித்த பெரிஸ்கோப். யுத்தத்தில் பதுங்கு குழியிலிருந்து எட்டிப் பார்க்க வைத்திருந்தார்களாம். கல்கத்தாக்காரர்கள் அதைத் தலைகளுக்கு மேலே ஆட்டம் பார்க்கச் செய்துகொண்டார்கள். குழாய் விலகியதும் பின்னால் இருந்த முகம் தெரிந்தது. எங்கள் தலைமைக் குமாஸ்தா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஓய், நீரா?" என்றார். "நான் காளிகட்டுக் கோவிலுக்குப் போயிண்டிருந்தேன்."

"காளிகட்டு தெற்கே இருக்கே, மாமா."

"சுத்தி வழியாப் போறேன். யாரை ஓய் டீ போட்டுக் கூப்பிட்டீர்?"

"ஆத்துக்காரியை. காணோம்."

"அவளையும் அழைச்சிண்டு வந்தீரா?" என்று ஆரம்பித்தவர், கையிலிருந்த குழாயைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே விட்டார். நல்ல மனுஷர். உடனே பெட்டியில் ஏறி, குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினார்.

"என்ன புடவை?"

"அரக்கு."

"அரக்கு... அரக்கு... வேலிக்கு அந்தப் பக்கம் பொம்மனாட்டிகளுக்குன்னு மூங்கில் தட்டி கட்டி ஒரு கொட்டகை போட்டிருக்கான். அங்கே இருக்காளோ என்னமோ. தட்டிக்குப் பின்னாலே ஒண்ணும் தெரியலை. இரும், இரும். அட, என்னமா ஓடறா."

"யாரு? அவளா?"

"நர்ஸு. தொப்பி போட்டிண்டிருக்கா. பாவாடையை முழங்காலோட சேர்த்துக் கட்டியிருக்கா. அந்த டெலிபோன்காரி குறுக்கே வந்தா பாரும், பந்தை அப்படியே அள்ளிண்டு..."

"மாமா, என் ஆத்துக்காரி."

"பார்த்துண்டுதானே இருக்கேன். அய்யய்யோ, சேத்திலே வழுக்கி விழுந்துட்டா."

"யாரு?"

"கோல் கீப்பர், ஓய்."

இவரை நம்பினால் ரங்கூன் கப்பல் கிளம்பிவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவரைப் பெட்டியிலிருந்து இறக்கி, பெரிஸ்கோப்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நானே ஏறினேன். ஆபீஸில் அவர் மேஜைமேல் இருக்கும் பேனாவைத் தொடக்கூட எனக்குத் தைரியம் கிடையாது. கண்ணில் வைத்துப் பார்த்தேன். குழாயைத் திருப்பின திருப்பில் வானம், ஒரு கம்பம், சேறு பூசின முழங்கால், மறுபடி வானம்.

"பெயரைச் சொல்லிக் கூப்பிடுமேன்" என்றார் அவர், குழாயைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிக்கொண்டே.

"அது எங்கம்மா பெயர், மாமா."

"உங்கம்மா ஊர்லே இருக்கா. இங்கேருந்து கத்தினா அவளுக்குக் கேக்கவா போறது?"

அந்தக் கணத்தில் அதைவிடச் சிறந்த அறிவு உலகத்தில் இல்லை என்று தோன்றியது. மூங்கில் தட்டிக் கொட்டகையைப் பார்த்து, பெற்ற தாயின் பெயரை வாய்விட்டுக் கத்தினேன். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் தடவை, தட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடுக்கிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அரக்குத் தலைப்பு, கண்ணாடி வளையல். அந்தக் கை உள்ளங்கையை என் பக்கம் விரித்து, 'இரு' என்று காட்டியது. கோலம் போடும்போது நான் காப்பி கேட்டால் காட்டுகிற அதே 'இரு'. காட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

அடுத்த நிமிஷம் மைதானமே எழும்பிக் குதித்தது. கோல். அதுதான் கடைசிக் கோல். நான் அப்போது மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். பெரிஸ்கோப் என் மடியில் இருந்தது. தலைமைக் குமாஸ்தா என் பக்கத்தில் நுனிக்காலில் நின்று எம்பிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அவள் மாடி வீட்டு பௌதியோடு சாவகாசமாக வந்தாள். பௌதி அவளைக் கூட்டத்தில் பார்த்து, பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பௌதி என்னைப் பார்த்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். நாலு சக்கரக் குதிரை வண்டி பிடித்து, பெண்கள் இரண்டு பேரும் ஒரு பலகையில், நான் அவர்களுக்கு எதிர்ப் பலகையில். வண்டி நகர்ந்ததும் கேட்டேன்:

"சொல்லிட்டுப் போகப்படாதா?"

"சொன்னேனே. நீங்கதான் பந்து, லைன், நிக்கப்படாதுன்னு பேசிண்டே போனேள். சரி, தெரிஞ்சுண்டுதான் போறேள்னு நெனச்சேன்."

"கத்தினது கேட்டுதா?"

"முதல் தடவையே கேட்டுது."

"பின்னே ஏன் திரும்பலை?"

"டெலிபோன் பொண்ணு தனியாப் பந்தை எடுத்துண்டு ஓடிண்டிருந்தா. திரும்பினாப் போயிடும்." கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பேரைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. யாரையோ கூப்பிடறான்னு ஒரு நிமிஷம் இருந்துட்டேன்."

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லேன் என்றேன். சொன்னாள். பவானிபூர் வரும் வரைக்கும் சொன்னாள். யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தாள், எந்த நர்ஸு கையால் தொட்டுவிட்டு நடுவரிடம் இல்லவே இல்லை என்றாள், சேற்றில் விழுந்த கோல் கீப்பர் எழுந்து எப்படி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எல்லாம். டெலிபோன்காரிகள் போட்ட ஒரு கோல் செல்லாது என்று நடுவர் சொன்னாராம். உதைபட்ட கணத்தில் அந்தப் பெண் நிற்கக் கூடாத இடத்தில் நின்றாளாம். நடுவர் செய்தது சரிதான் என்றாள். பட்டாணி உரித்துக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இறங்கும்போது, "கூட்டத்திலேன்னா அப்படியே கூப்பிடுங்கோ, பரவாயில்லை. ஆத்திலே வேண்டாம், அம்மா வந்திருக்கறச்சே வாயிலே வந்துடும்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா என் மேஜைக்கு வந்தார். சாதாரணமாக அவர் கூப்பிட்டுத்தான் நான் போவேன். கையில் ஏதோ காகிதத்தை வைத்துக்கொண்டு, அதைக் காட்டுகிற மாதிரிக் குனிந்தார்.

"ஓய், அந்தக் கடைசிக் கோல் எப்படி விழுந்தது? நீர் குழாயைப் பிடுங்கிண்டுட்டீரே. இடது காலா, வலது காலா?"

"தெரியலை, மாமா" என்றேன். "ஆத்திலே கேட்டுச் சொல்றேன்."