தப்பு டீச்சர்

‘ஏழெட்டு ஐம்பத்துநாலு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, விரலில் ஒட்டிய சாக்பீஸ் பொடியை ஊதினார் டீச்சர். கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதருகே குனிந்தார். பள்ளி விட்ட பிறகு நடக்கும் இந்த வகுப்புக்குப் பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பக்கப் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை.

“அவருக்கு வாய்ப்பாடு தெரியுமா என்று கேளுங்கள்.”

கேட்டேன், கொஞ்சம் தயங்கி.

“சரி எதுன்னு தெரியாம, தப்பா எப்படிம்மா எழுதறது?” என்றார் டீச்சர்.

“வேண்டுமென்றா எழுதினார்? எதற்கு?”

“சரியா எழுதினா பாத்து எழுதிட்டு கொட்டாவி விடுவாங்க சார். தப்பா எழுதினாத்தான் முழிச்சுக்குவாங்க.”

“தவறே மனத்தில் பதிந்துவிட்டால்?”

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒருத்தி எழுந்துவிட்டாள். “என்ன டீச்சர், தூங்கிட்டா எழுதுனீங்க? அம்பத்தாறு!”

“சும்மா சொன்னா ஆச்சா? ஏன்னு சொல்லு.”

“ஏழேழு நாப்பத்தொம்பது. அது மேல இன்னொரு ஏழு. நீங்களே போட்டுப் பாருங்க.”

பெரியவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் பிள்ளைகளைக் கும்பலாக உட்காரவைத்துப் பொழுதைத் தள்ளிய அறைகளை நிறையப் பார்த்தவர். இன்னொரு முறை வந்து பார்த்த பிறகே அடுத்த ஆண்டைப் பற்றி முடிவு என்று சொல்லிவிட்டுப் போனார். முடியாது என்று சொல்லிவிட்டால் மாலையில் இந்த அறைக்குப் பூட்டுதான். பெற்றவர்கள் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதுவரை பிள்ளைகளுக்குத் தெருதான் கதி.

டீச்சருக்குக் காலையில் வேறு வேலை. சலவைக் கடையில் வெளுக்க வரும் துணிகளை வாங்கி வைப்பது. வருகிற துணிகளின் பையைத் துழாவிய கை மாலையிலும் சும்மா இருக்காது. வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு சட்டைப் பையையும் தட்டிப் பார்ப்பார். ஆணி, பாட்டில் மூடி, உடைந்த சக்கரம், ஒருநாள் உயிரோடு ஒரு வண்டு. எல்லாம் ஜன்னல் விளிம்புக்குப் போகும். வீட்டுக்குக் கிளம்பும்போது அவரவர் சொத்து அவரவர் கைக்கு வந்துவிடும். வண்டு மட்டும் அதுவரை காத்திருக்கவில்லை.

உள்ளே வந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம். “முதல்ல வாய், அப்புறம் வாய்ப்பாடு.” பசியோடு போடுகிற கணக்கில் விடையும் காய்ந்துபோய்த்தான் வரும் என்பது அவர் கட்சி. பிறகு பலகை. எது தப்பு என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது, ஏன் என்று சொல்லியாக வேண்டும். டீச்சரை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். பக்கத்துப் பிள்ளை தப்புச் செய்து யாராவது சிரித்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். “சிரிக்கறதுக்குத்தான் நான் ஒருத்தி இருக்கேன்ல? அவனை விடு.” முதல் மாதம் முழுக்க மேசையைப் பார்த்தே உட்கார்ந்திருந்த ஒருவன் இப்போது வாசலிலேயே கேட்கிறான்: “இன்னிக்கு எத்தனை தப்பு டீச்சர்?”

‘தப்பு டீச்சர்’ என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கடைத்தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் பட்டம் வாங்கியவர்போல் திரும்பிப் பார்ப்பார். அவர் கணவர் வேன் ஓட்டுகிறார். அழைத்துப்போக வந்தால் வாசற்படியில் நின்றபடி என்னிடம் முறையிடுவார். “உங்களுக்காவது இங்க மட்டும்தான்மா. வீட்ல உப்பே போடாம சாப்பாட்டை வச்சுட்டு, என்ன குறையுதுன்னு கண்டுபிடிங்கங்கறா.”

“அது நெஜமாவே மறந்துபோச்சுங்க,” என்பார் டீச்சர்.

பெரியவர் சொன்னபடியே மீண்டும் வந்தார். அன்று டீச்சர் எழுதிய தப்புகளைப் பிள்ளைகள் வரிசையாகப் பிடித்தார்கள், கடைசி ஒன்றைத் தவிர. ‘சதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பளவும் இரண்டு மடங்காகும்.’ சரிதான் என்று எல்லாத் தலைகளும் ஆடின. பெரியவர் பெஞ்சில் நெளிந்தார். என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கிவிட்டார்.

“நான்கு மடங்கு,” என்றார். நான் சொன்னேன்.

“ஏன்னு கேளுங்கக்கா,” என்றான் ஒருவன்.

“சின்ன வயதிலேயே படித்தது. மனப்பாடம்.”

“மனப்பாடம்லாம் இங்க செல்லாது!”

பெரியவர் எழுந்து போய் ஒரு சதுரம் வரைந்தார். அதைச் சுற்றிப் பெரிய சதுரம் வரையும்போது கோடு வளைந்துவிட்டது. “ஐயோ சார், இது சதுரமே இல்ல,” என்று பலகையைச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ். இந்த ஆண்டும் மாலையில் அந்த அறை திறந்திருக்கிறது.

அவர் இரண்டாம் முறை வந்ததற்கு முந்தின மாலை, பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு, டீச்சர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். எப்போதும் பாதிச் சிரிப்போடு பேசுகிறவர் அன்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நாளைக்கு நான் பேசறதை நீ சுருக்கிச் சொன்னாலும் சரி, விட்டுட்டாலும் சரிம்மா. பசங்க என்னை வாய்க்கு வந்தபடி பேசுவாங்க பாரு, அதுக்கு மட்டும் மரியாதை பூசாதே. அப்படியே சொல்லிடு.”