லைட் எரிகிற மீட்டர்

சொரிமுத்து அண்ணாச்சி என் கடைக்கு வருகிறார் என்பதை அவர் முகத்துக்கு முன்னால் அவருடைய எண்ணெய் வாசனை வந்து சொல்லிவிடும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். அருவிக்கு வருகிறவர்களைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, தோளிலிருந்து குதிகால் வரை நீவிவிட்டு, "போங்க, போயி தண்ணியில நில்லுங்க, மிச்சத்த அருவி பாத்துக்கிடும்" என்று அனுப்பிவைப்பார். கூட்டம் இல்லாத மாதங்களில் மேலகரத்து வீட்டில் பழைய ரேடியோ, எரியாத சீரியல் லைட், பேசாத ஸ்பீக்கர் என்று எதையாவது பிரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பார். வருமானத்துக்கு இல்லை, ஆசைக்குத்தான். அதற்கான சாமான் வாங்கத்தான் தென்காசி பஜாருக்கு வருவார்.

'பெர்சிஸ் எலக்ட்ரானிக்ஸ்' என்று போர்டு போட்ட கடை என்னுடையது. கோபக்காரி என்று பஜாரில் எனக்குப் பேர். பொய்யில்லை. என்ன வேண்டும் என்றே தெரியாமல் வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு முழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அண்ணாச்சியிடம் மட்டும் என் கோபம் கொஞ்சம் தண்ணி கலந்துதான் வரும். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க அதை நாக்கில் வைத்து, சுள்ளென்று இழுத்ததும் "உயிரு இருக்கு, போடலாம்" என்று சிரிக்கிற மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது?

போன ஆனி மாதம் ஒருநாள், நல்ல சாரல். சட்டையெல்லாம் நனைய வந்து நின்று, "யம்மா, ஒரு மீட்டர் வேணும்" என்றார்.

"நாக்கு தேஞ்சு போச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன். வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அவருடைய மகள் காளீஸ்வரிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மருமகன் விஜய்பாண்டிக்கும் அப்படித்தான். வடகரையில் வீடு, ஆய்க்குடியில் தையல் வேலை பார்க்கிறான். தங்கமான பையன். காளீஸ்வரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து, ஆண் குழந்தை பிறந்து, மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் புருஷன் வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் கிடையாது. பிள்ளை அழுதால் இருவருக்கும் கேட்காது.

"அதனால அவ தூங்கவே மாட்டேங்காம்மா. புள்ள நெஞ்சு மேல கைய வச்சிக்கிட்டே படுக்கா. புள்ள அசைஞ்சாலும் எந்திரிச்சிருதா, அசையலன்னாலும் எந்திரிச்சிருதா. இங்கனயாவது அவ அம்மா இருக்கா. அங்கன போயி என்ன செய்வா?"

குழந்தை அழுதால் விளக்கெரிகிற பெட்டி ஒன்றை மருமகன் ஆன்லைனில் வரவழைத்திருந்தான். அது மேலகரத்து வீட்டின் தகரக் கூரையில் சாரல் விழுந்தாலே எரிந்தது. பிள்ளை அழுகிறானா மழை பெய்கிறதா என்று தெரியாமல் காளீஸ்வரி விளக்கு எரியும்போதெல்லாம் எழுந்து ஓடி, கடைசியில் வெறுத்துப்போய் அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். வடகரை வீட்டுக்கும் தகரக் கூரைதான். எனவே அண்ணாச்சியே ஒன்று செய்ய ஆரம்பித்தார். மைக், நாலு சாமான், ஒரு பல்பு. எவ்வளவு சத்தத்துக்கு எரிய வேண்டும் என்று திருகி வைத்துக்கொள்கிற மாதிரி. ஆனால் அவருடைய பெட்டி எதற்குமே எரியவில்லை. எங்கே கோளாறு என்று நாக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதல்லவா?

மூன்று மீட்டரை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். விலை கூடியதைத்தான் அவர் முதலில் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

"அது கரண்ட் லைன்ல கைய வச்சி நாள் பூரா வேலை பாக்கவங்களுக்கு. உங்க வேலை பேட்டரி, அடாப்டர். வோல்ட் காட்டணும், ரெசிஸ்டர் அளக்கணும், வயர் அறுந்திருக்கான்னு சொல்லணும். இது போதும். மிச்சத்துக்குப் புள்ளைக்கு ரெண்டு சட்ட எடுங்க."

இருப்பதிலேயே மலிவான மஞ்சள் மீட்டரைக் காட்டி, அதன் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். பீப் என்றது. "வயர் நல்லா இருந்தா சத்தம் வரும், உள்ள அறுந்திருந்தா வராது. அவ்வளவுதான் சூட்சுமம்."

"சத்தம் மட்டும்தானா? லைட் எரியாதா?"

"சத்தம் தெளிவா கேக்குதுல்லா? லைட் எதுக்கு? கல்யாண வீட்டுக்கா?"

"எனக்குக் கேட்டு என்ன செய்யம்மா? வயர ஒட்டிச் சால்டர் வைக்கது பூரா எம்மொவதான. எனக்குக் கை வழுக்கும். நான் சொல்லுவேன், அவ செய்வா. அவளுக்குத் தெரியாண்டாமா?"

இத்தனை வருஷமாக மீட்டர் விற்கிறேன். லைட் எரியுமா என்று ஒருத்தர் கேட்டதில்லை. மூன்றில் நடுவில் இருந்த மீட்டரில் மட்டும் சத்தத்தோடு ஒரு சின்னச் சிவப்பு லைட்டும் எரியும். அது ஏன் இருக்கிறது என்று நான் யோசித்ததும் இல்லை. அதையே எடுத்துக்கொடுத்தேன். மஞ்சளைவிடக் கொஞ்சம்தான் விலை அதிகம். அதை வெள்ளைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் இடுக்கிக்கொண்டு போனார்.

இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டார். "யம்மா, மீட்டர் செத்துப் போயிட்டு."

வாங்கிப் பார்த்தேன். டயலை எங்கே திருப்பினாலும் நம்பர் பேய் பிடித்த மாதிரி ஓடியது. ஊசிகளைத் தொட்டால் சத்தமும் இல்லை, லைட்டும் இல்லை.

"கீழ போட்டீங்களா?"

"போடல."

"தண்ணி பட்டுதா?"

"சாமி சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி படல."

விற்ற பொருளைத் திரும்ப வாங்குகிற பழக்கம் என் கடையில் கிடையாது. எழுதியே ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே அதே மாதிரி வேறொன்றை எடுத்துக்கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் அதையும் கொண்டுவந்து வைத்தார். அதே வியாதி.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மதுரையிலிருந்து சரக்கு அனுப்புகிற சாமுக்குப் போன் போட்டேன். "என்னத்தடே அனுப்பி வச்சிருக்க? பச்சப்புள்ள விஷயத்துல வெளையாடுதியா?" என்று ஆரம்பித்து, அவன் "யக்கா... யக்கா..." என்பதைத் தவிர வேறு சொல் பேச விடாமல் பொரிந்து தள்ளினேன். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். போனை வைத்துவிட்டு மூன்றாவது மீட்டரை எடுத்து, எல்லாவற்றையும் அளந்து காட்டி, "கண்ணால பாத்துக்கிட்டீங்கள்லா? நல்லா இருக்குல்லா?" என்று அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

அவர் டயலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "இதுவும் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்தார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் மூடியைத் திறந்து, டயலின் இடுக்கில் ஒரு சொட்டு விட்டு, கட்டைவிரலால் வட்டமாக நீவ ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி!"

நான் போட்ட சத்தத்தில் பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

"என்னம்மா? ரொம்ப இறுக்கமா இருக்குல்லா. ரெண்டு சொட்டு விட்டு நீவிவிட்டா இளகிரும். தோள் பிடிச்சவன், இடுப்பு பிடிச்சவன் எத்தன பேர இளக்கி விட்டிருக்கேன்!"

"இது என்ன இடுப்பா? எலக்ட்ரானிக்ஸ் அண்ணாச்சி! அந்த ரெண்டுக்கும் இப்படித்தான் வைத்தியம் பாத்தீங்களா?"

"ஆமா. மொத மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே விட்டேன். அது ரொம்ப மொரண்டு பிடிச்சிது."

திருப்புளியை எடுத்து மீட்டரைப் பிரித்தேன். டயலுக்கு அடியில் வட்ட வட்டமாகச் செம்புக் கோடுகள் இருக்கும்; அதைத் தொட்டுக்கொண்டுதான் டயல் சுற்றும். எண்ணெய் இறங்கினால் அது தொட வேண்டிய இடத்தில் தொடாது. செத்துப்போன இரண்டையும் பிரித்தேன். உள்ளே மூலிகை எண்ணெய் பளபளவென்று கிடந்தது. கடை முழுக்கக் குற்றால வாசனை. அவர் தொட்ட எதிலும் அந்த வாசனை அடிக்கும் என்பதால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீர் பட்டதா என்று கேட்டேனே தவிர, எண்ணெய் விட்டீர்களா என்று உலகத்தில் எந்தக் கடைக்காரிதான் கேட்பாள்? கோபம் தலைக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். அவரும் என்னவென்று புரியாமலேயே சேர்ந்து சிரித்தார். சாமிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த ஆர்டரைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

மூன்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மூன்றும் உயிர்த்துக்கொண்டன. ஆனால் மீட்டரை அவர் கையில் கொடுக்க எனக்கு இனித் தைரியம் இல்லை. "நானே வந்து காளீஸ்வரி கையில குடுக்கேன்" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேலகரத்துக்கு பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் காளீஸ்வரி வடகரைக்குக் கிளம்புவதாக இருந்தது. துணிமணியெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள்.

அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள் வாசலிலேயே, "வாங்க, மீட்டருக்கு எண்ணெ தேச்ச வீடு இதுதான்" என்று வரவேற்றாள். உள்ளே காளீஸ்வரி பிள்ளையின் நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. மீட்டரைக் கொடுத்ததும் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அப்பா கையை ஆட்டி எந்த இடம் என்று காட்ட, அவள் ஊசியை வைத்தாள். சிவப்பு லைட் எரிந்தது. அடுத்த இடம். எரிந்தது. அண்ணாச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான்தான் அப்படி நிற்கச் சொல்லியிருந்தேன். ஆனால் கையில்லாமல் அவர் மகளிடம் பேச முடியாது. எனவே ஒவ்வொரு தடவையும் கையை அவிழ்த்து, சைகை காட்டிவிட்டு, மறுபடியும் கட்டிக்கொண்டார்.

மைக்கிலிருந்து வருகிற சிவப்பு வயரில் வைத்தபோது லைட் எரியவில்லை. மேலே பார்த்தால் புது வயர், உள்ளே அறுந்து கிடந்தது. காளீஸ்வரி அப்பாவைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். உடனே வேறு வயரை வைத்துச் சால்டர் வைத்தாள்.

இப்போது பிள்ளை அழ வேண்டும். அவன் அழவில்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ஒவ்வொருத்தரையும் பார்த்துச் சிரித்தான். பால் கொடுக்க நேரமாகிவிட்டது. ஆனாலும் சிரித்தான். "எங்கம்மா மாதிரி அழுத்தக்காரன்" என்றார் அண்ணாச்சி. "எங்க அப்பா மாதிரி" என்றாள் உலகம்மாள். அதற்கு ஒரு சண்டை. "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க!" என்று நான் ஒரு அதட்டல் போட்டேன். பெட்டியில் பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்தப் பெட்டி முதன்முதலில் எரிந்தது என் வாய்க்குத்தான்.

என் அதட்டலில் பயந்து பிள்ளையும் வீரிட்டான். அதற்கும் எரிந்தது. காளீஸ்வரி துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். அந்த நேரம் பார்த்து வெளியே சாரல் பிடித்து, தகரத்தில் சடசடவென்று அடித்தது, அதற்கும் எரிந்தது. அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "பொறு பொறு" என்று அண்ணாச்சி கையைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல அவள் பெட்டியில் இருந்த குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். சாரலுக்கு அணைந்தது. பிள்ளை அழுதால் எரிந்தது. அவன் அழுகையை நிறுத்தினால் அணைந்தது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பசியாறிப் பிள்ளை தூங்கினான். "நீயும் செத்த நேரம் படு" என்று உலகம்மாள் சைகை காட்ட, காளீஸ்வரி பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பிள்ளை பக்கத்தில் படுத்தாள். வழக்கம்போல அவன் நெஞ்சில் கையை வைத்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். மெல்லக் கையை எடுத்தாள். சிறிது நேரத்தில் அவளும் தூங்கிவிட்டாள்.

நானும் உலகம்மாளும் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பல்பு எரிந்தது. வெளிச்சம் முகத்தில் பட்டதும் காளீஸ்வரி விருட்டென்று எழுந்து பிள்ளையைப் பார்த்தாள். அவன் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் குழம்பிப்போய் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

கதவுக்குப் பின்னால் அண்ணாச்சி சுவரைப் பார்த்து நின்று, தோள் குலுங்கக் குலுங்க வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

"இந்த மனுசன் எப்பவும் இப்படித்தான்" என்றாள் உலகம்மாள் என் காதில். "அவளப் பள்ளிக்கூடத்துல விட்ட அன்னைக்கும் அவ முதுகுக்குப் பின்னால நின்னு வாய்விட்டு அழுதாரு. கல்யாணத்துக்கும் அழுதாரு. அவளுக்குத்தான் கேக்காதேன்னு ஒரு தைரியம்."

காளீஸ்வரி எழுந்து போய் அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். எரிகிற பல்பைப் பார்த்தாள். பிறகு விரலை அவர் நெஞ்சில் வைத்து, கையால் ஏதோ கேட்டாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. உலகம்மாள்தான் சொன்னாள்: "இத்தன வருசமும் இப்படித்தான் அழுதியாப்பான்னு கேக்கா."

அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஏட்டி, யாராவது அந்த லைட்ட அமத்துங்கட்டி" என்று துண்டுக்குள்ளிருந்து கத்தினார். அந்தச் சத்தத்துக்கு அது இன்னொரு தடவை எரிந்தது.