பீஸு கட்டியாச்சா?

எங்க தெருவுக்கு வந்த கரண்டு கம்பம் எங்க வூட்டுக்கு நாலு வூடு முன்னாடியே நின்னுடுச்சு. மனு எழுதிக் குடுத்தோம். மறுபடியும் எழுதிக் குடுத்தோம். "வரும், வரும்"னாங்க. எழுபதுகளோட ஆரம்பம் அது. விருத்தாசலத்துல அப்ப எங்க பக்கத்து ஜனமெல்லாம் பீங்கான் வேலைதான். நானும் காலைல போயி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் கையில பீஸ் கட்டைதான். மீட்டர் பலகையில வெள்ளையா ஒண்ணு செருகியிருக்குமே, லைட்டு நின்னுபோச்சுன்னா மொதல்ல புடுங்கிப் பாப்பாங்களே, அது. அச்சுல இருந்து வர்ற பச்சைக் கட்டைக்கு ஓரத்துல பிசிறு இருக்கும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால தொடைச்சு, பலகையில அடுக்கணும். ஊருக்கு வெளிச்சம் குடுக்குற சாமானை அன்னாடம் நூத்துக்கணக்குல பண்ணிட்டு, வூட்டுக்கு வந்து சிம்னி வெளக்கைத் தொடைப்பேன்.

யாரு தொடைச்ச கட்டைன்னு தெரியறதுக்கு ஆளுக்கொரு குறி உண்டு. என் குறி ரெண்டு கோடு, நடுவுல ஒரு புள்ளி. உள்பக்கத்துக் குழியோரமா கட்டை வெரல் நகத்தால கீறிடுவேன். அதுக்கப்புறம் கட்டை சூளைக்குப் போவும். செம்புத் தகடு, ஸ்க்ரூ எல்லாம் வேற எடத்துல வச்சு மாட்டுவாங்க. என் கண்ணுக்கு அதெல்லாம் வந்ததே இல்ல. பெத்த புள்ளைய பச்சை மண்ணாவே பாத்து அனுப்பி வைக்கிற தாயி நான்.

இன்னொண்ணு சொல்லணும். எங்க கம்பெனியில எல்லாமே பீஸுதான். கப்பு ஒரு பீஸு, ஊறுகா ஜாடி ஒரு பீஸு, பொம்மையும் பீஸு. சாயங்காலம் மேஸ்திரி வந்து "பீஸு கட்டியாச்சா?"ன்னு கேட்டா, வைக்கோல் சுத்திப் பெட்டியில அடுக்கியாச்சான்னு அர்த்தம். "கட்டியாச்சு"ன்னு சொல்லிட்டுத்தான் கையைக் கழுவணும்.

இப்ப என் நாத்தனாருக்கு வரேன். எங்க வூட்டுக்காரரோட தங்கச்சி. ஸ்ரீமுஷ்ணத்துல கட்டிக்குடுத்த எடம். கரண்டு உள்ள வூடு. நல்ல பொண்ணுதான், வாயி மட்டும் கொஞ்சம் நீளம். என் வாயி நீளம்னு அவளும் சொல்லுவா, அது கெடக்கட்டும். அவ புள்ளைக்குக் காது குத்து. பந்தியில நாலு சனம் உக்காந்திருக்குது. அவ வூட்டு ஃபேனு தலைக்கு மேல சுத்துது, நான் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அதை அவ பாத்துட்டா.

"என்ன அண்ணி அப்படி பாக்குறீங்க? ஊருக்கெல்லாம் பீஸு பண்றீங்க, ஒங்க வூடு மட்டும் பீஸு போன வூடாட்டம் இருட்டா கெடக்குதே!"

பந்தியே சிரிச்சுது. எனக்கு ரோஷம் உச்சிக்கு ஏறிடுச்சு. யோசிச்சுப் பேசுற ஜென்மமா நான்?

"வர்ற மாசி மகத்துக்குக் கடலுக்குப் போறப்ப, என் சொந்தக் கரண்டுல, என் சொந்த ஃபேனுக்குக் கீழ ஒன்னை உக்கார வைக்கல, என் பேரை மாத்திக் கூப்புடு!"

எதிர் வரிசையில எங்க வூட்டுக்காரருக்குப் பாயசம் பொரை ஏறிடுச்சு.

திரும்பி வர்றப்ப பஸ்ஸு கருவேப்பிலங்குறிச்சி தாண்டினப்புறம் அவரு மெதுவா கேட்டாரு. "கடற்கரையில கரண்டுக்கு எங்க புள்ள போவ?"

"அது ஒங்க பாடு. மெக்கானிக்கு நீங்கதானே?"

அவரு டிராக்டர் வொர்க்ஷாப்புல வேலை. வொர்க்ஷாப்புக்குப் பின்னாடி ஒரு டிரெய்லரு செத்துக் கெடந்துச்சு, கரும்பு ஏத்தி ஏத்தி அச்சு வளைஞ்சு போனது. மொதலாளிகிட்ட கேட்டு அதை வாங்கிட்டாரு. அச்சை நிமித்தினாரு. ஆங்கிள் கம்பி நட்டு, தகரம் அடிச்சு, ஓடாதுன்னு கண்டம் பண்ணின பஸ்ஸுல இருந்து ரெண்டு ஜன்னலைக் கழட்டிப் பொருத்தினாரு. ரெண்டு மாசத்துல அது ஒரு குட்டி வூடாயிடுச்சு. அடேங்கப்பா, அந்த ரெண்டு மாசமும் எனக்குச் சோறு எறங்கல, சந்தோஷத்துல!

கரண்டுக்கு ஒரு பழைய லாரி பேட்டரி. டிராக்டரு ஓடுனா அதுல இருந்து ஒரு வயரு வழியா பேட்டரி தானா சார்ஜு ஏறிக்கும். பஸ்ஸுக்குள்ள எரியுமே, அந்தச் சின்ன பல்பு ரெண்டு. லாரி டிரைவருங்க மூஞ்சிக்கு நேரா மாட்டிக்குவாங்களே, அந்தக் குட்டி ஃபேனு ஒண்ணு. மத்ததுக்கெல்லாம் எங்க ஊருல பஞ்சமா? சுவிட்சு பீங்கான், பல்பு ஹோல்டரு பீங்கான், வயரைப் புடிக்கிற கட்டையெல்லாம் பீங்கான். எல்லாம் கோணல் மாணலா கழிச்சுக் கட்டினது, கேட்டா சும்மா குடுத்துடுவாங்க. ஓரம் நெளிஞ்ச ஒரு வாஷ்பேசின் கூட கெடைச்சுது. கூரை மேல தண்ணி டிரம்மு வச்சு அதுக்கு ஒரு கொழாயும் போட்டுட்டாரு. பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "அக்கா, இது வண்டியா, சப்ஸ்டேஷனா?"ன்னு கேட்டான்.

கடைசியா ஒரு பலகையில பீஸ் கட்டைய செருகினாரு. "இது ஒன் கம்பெனி பீஸுதான் புள்ள, கழிச்சதுல பொறுக்கி எடுத்து, தகடு ஸ்க்ரூ எல்லாம் நானே மாட்டினேன்"னாரு. புடுங்கிப் பாத்தேன். கண்ணு வேற எதையும் பாக்காம நேரா குழியோரத்துக்குத்தான் போச்சு. ரெண்டு கோடு, ஒரு புள்ளி. என் நகம்! "அய்யய்யோ, என்னுதுங்க இது!"ன்னு கத்தினேன். அவரு வேணும்னே தேடி எடுத்திருக்காரு. கேட்டா ஒத்துக்கவே இல்ல.

மொத மொதல்ல சுவிட்சு போட்டது நான்தான். பல்பு எரிஞ்சுது. அமத்தினேன். போட்டேன். அமத்தினேன். போட்டேன். "பேட்டரி செத்துடும், வுடு"ன்னாரு. வுடுவேனா? அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. அன்னைலருந்து வெங்காயம் உரிக்கிறது, அரிசி பொடைக்கிறது, தலை வாருறது எல்லாம் டிரெய்லர்லதான். வூடு சும்மா கெடந்துச்சு.

ஆச தீரல எனக்கு. "காலிங் பெல்லு ஒண்ணு வச்சுடுங்க"ன்னேன்.

"மாட்டு வண்டி அளவு இருக்குது, இதுக்குப் பெல்லா?"

"ஒங்க தங்கச்சி வூட்டுல இருக்குதே!"

மறுநாளே பெல்லு வந்துடுச்சு. பெல்லு அடிக்காம யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டேன். தெருவே வந்து அடிச்சுது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் கரண்டு உள்ள வூட்டுக்காரங்களும் வந்து அடிச்சாங்க. நான் உள்ள உக்காந்துக்கிட்டு "யாரு?"ன்னு கேப்பேன், எதிர்லயே நிக்கிறவங்களைப் பாத்து.

மாசி மகம் வந்துச்சு. கிளம்புற அன்னைக்குக் காலைல வொர்க்ஷாப்பு டிராக்டரை மாட்டிட்டு டிரைவரு ஆரன் அடிக்கிறாரு. நான் நாத்தனாருக்குச் சீரு மாதிரி கம்பெனியில இருந்து ஆறு கப்பு, ஒரு ஜாடி வாங்கி வச்சிருந்தேன், அதைப் பெட்டியில வைக்கோல் போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கேன். அந்த நேரம் பாத்து பெல்லு மாட்டிக்கிச்சு. கிர்ர்ருன்னு நிக்காம கத்துது. அவரு ஓடியாந்து வயரை இழுத்தாரு, டப்புன்னு ஒரு சத்தம், எல்லாம் அடங்கிடுச்சு. பெல்லு வயரைச் சரி பண்ணிட்டு, பலகையில இருந்து அந்தக் கட்டையப் புடுங்கி என் கையில குடுத்தாரு.

"இந்தா, பீஸு கட்டிடு புள்ள"ன்னு சொல்லிட்டு டிராக்டருக்கு வயரு மாட்ட ஓடிட்டாரு.

சரி, வழியில குலுங்கி ஒடைஞ்சுடும்னு இதையும் சேத்துக் கட்டச் சொல்றாரு, அங்க போயி அவரே எடுத்துச் செருகிக்குவாருன்னு நெனச்சேன். மனுஷனுக்கு என் பீஸு மேல எவ்ளோ அக்கறைன்னு உருகிப்போயிட்டேன்.

டிராக்டர்ல டிரைவரு பக்கத்துல ஏறி உக்காந்துக்கிட்டு எங்க வூட்டுக்காரரு கத்தினாரு. "பீஸு கட்டியாச்சா?"

"கட்டியாச்சு!"

"கெட்டியா கட்டினியா?"

"ரெண்டு சுத்து சுத்திக் கட்டியிருக்கேன், போங்க!"

கிள்ளைக் கடற்கரைக்குப் போறதுக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு. ஆனா வழியெல்லாம் ராஜ மரியாதைதான். சேத்தியாத்தோப்புல டீ குடிக்க நிறுத்தினா, "உள்ள யாரு, மந்திரியா?"ன்னு கேக்குறாங்க. நான் பஸ்ஸு ஜன்னலைத் தொறந்து எட்டிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சேன் பாருங்க.

கடற்கரையில சனம்னா சனம். வெயிலு மண்டையப் பொளக்குது. ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி தீர்த்தவாரிக்கு வந்திருக்குது. நாத்தனாரு வூட்டு சனமெல்லாம் சவுக்கு மரத்துக்கடியில பாய் விரிச்சு உக்காந்து முந்தானையால விசிறிக்கிட்டு இருந்தாங்க. டிரெய்லரைக் கொண்டுபோயி நேரா அவங்க எதிர்லயே நிறுத்தச் சொன்னேன். எறங்கி நின்னு, மூச்சை நல்லா இழுத்துக்கிட்டுக் கூப்புட்டேன்.

"வாம்மா! வந்து பெல்லு அடி!"

அவ வந்தா. பின்னாடியே பந்தியில சிரிச்ச அத்தனை சனமும் வந்துச்சு. நான் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு நின்னேன். அவ பெல்லை அமுக்கினா. சத்தமே இல்ல. மறுபடியும் அமுக்கினா. ம்ஹூம்.

"ஊமை பெல்லா அண்ணி?"

உள்ள ஃபேனு சுவிட்சைப் போட்டேன். ஒண்ணும் இல்ல. பல்பைப் போட்டேன். ஒண்ணும் இல்ல. எங்க வூட்டுக்காரரு ஓடியாந்து பலகையப் பாத்தாரு. கட்டை இருக்க வேண்டிய எடம் பொக்கை வாயாட்டம் தொறந்து கெடந்துச்சு.

"பீஸு எங்க புள்ள?"

"வைக்கோல்ல."

"வைக்கோல்லயா?"

பெட்டியத் தொறந்து, ஆறு கப்புக்கு நடுவுல இருந்து பத்திரமா எடுத்துக் குடுத்தேன். ஒரு கீறல் இல்ல. அவரு அதைத் திருப்பிப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "கம்பி எங்க?"

"என்ன கம்பி?"

"பீஸு கம்பி! இதுல கம்பி கட்டத்தானே குடுத்தேன்! கெட்டியா கட்டினேன்னியே!"

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அந்தக் குழி கம்பி போறதுக்கான குழி. அத்தனை வருஷம் அந்தக் குழியத் தொடைச்சிருக்கேன், பஞ்சு வுட்டு, பிசிறு எடுத்து. எதுக்குக் குழின்னு ஒரு நாளு கேட்டதில்ல. ராத்திரி பகலா பீஸு பண்றவளுக்கு இது தெரியாமலா இருக்கும்னு அவரு நெனச்சிருக்காரு. அவரு மேலயும் தப்பு இல்ல. அவசரத்துல கம்பிச் சுருளை எங்கிட்ட குடுக்காம வூட்டுலயே வுட்டுட்டு வந்தாரே, அது மட்டும் அவரு தப்பு. ஆனையக் கொண்டாந்துட்டு அங்குசத்த வுட்டுட்டு வந்த கதை.

வெளிய சனம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. "பீஸு பண்றவளுக்குப் பீஸு கட்டத் தெரியலையாம்!" மானம் கப்பலேறிடுச்சு, கடலும் பக்கத்துலயே இருந்துச்சு. பேரை மாத்திக் கூப்புடுன்னு சொன்னேனே, இப்ப என்ன பேரு வைக்கப் போறாளோன்னு அவ மூஞ்சியப் பாத்தேன். இன்னொரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தா அழுதிருப்பேன்.

அவ சிரிக்கல.

"தள்ளுண்ணா"ன்னா. "ஒரு சாண் வயரு குடு." அவ வூட்டுக்காரருக்கு நெய்வேலியில ஷிப்டு வேலை, பாதி நாளு வூட்டுல ஆளு கெடையாது. பீஸு போச்சுன்னா கட்டுறது இவதானாம். வயரைப் பல்லால கடிச்சு உரிச்சா. உள்ள இருந்து முடி மாதிரி ஒத்தை இழைய உருவினா. எங்க வூட்டுக்காரரு கையில இருந்து ஸ்க்ரூ டிரைவரைப் புடுங்கிக்கிட்டு, கட்டைய மல்லாக்கப் புடிச்சா. அப்படியே நின்னுட்டா.

"அண்ணி, இந்தக் கீறலு..."

"என்ன?"

"ரெண்டு கோடு, ஒரு புள்ளி. எங்க வூட்டுக் கட்டையிலயும் இதேதான் இருக்குது. பீஸு போறப்பெல்லாம் பாக்குறேனே! கம்பெனி முத்திரைன்னு இல்ல நெனச்சேன்!"

நான் கட்டை வெரலை மட்டும் அவகிட்ட நீட்டிக் காமிச்சேன். அவ என் நகத்தைப் பாத்தா, கட்டையப் பாத்தா.

"அந்தக் கம்பெனி நான்தான்மா"ன்னேன்.

காது குத்துல அண்ணாந்து அண்ணாந்து பாத்தேனே அந்த ஃபேனு, அது என் பீஸு வழியாத்தான் சுத்தியிருக்குது. அவளுக்கும் அதேதான் ஞாபகம் வந்திருக்கணும். மூஞ்சி செவந்துபோச்சு. இழைய அந்தக் குழிக்குள்ள வுட்டா, ரெண்டு பக்கமும் ஸ்க்ரூவைத் திருகினா, கட்டையப் பலகையில செருகினா. ஃபேனு கரகரன்னு ஒரு இருமல் இருமிட்டுச் சுத்த ஆரம்பிச்சுது. நான் சின்னப் புள்ளையாட்டம் குதிச்சதுல டிரெய்லரே ஆடுச்சு.

"உக்காரும்மா, காத்து வாங்கு"ன்னேன்.

"இருங்கண்ணி"ன்னா. கீழ எறங்கிப் போனா. சிரிச்சுக்கிட்டு இருந்த சனத்தை ஒரு பார்வை பாத்தா. கதவை வெளிப்பக்கமா இழுத்துச் சாத்தினா.

பெல்லு அடிச்சுது.

"யாரு?"ன்னேன்.

"ஒங்க நாத்தனாரு வந்திருக்கேன் அண்ணி. உள்ள வரலாங்களா?"

அவ எங்கிட்ட உத்தரவு கேட்டு வாசல்ல நின்னது அன்னைக்குத்தான். ஓடிப்போயிக் கதவைத் தொறந்தேன்.