துலுக்காத கிடாய்

போன வாரம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை தடவை விரல் தூக்கியதில்லை. அறுபத்தெட்டு ஆகிறது, ஒரு தடவை எல்லாம் பார்த்துவிடலாம் என்று மகன்தான் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "ரிக்கு வண்டியில இருந்தீங்களா? நம்ப முடியல. காதும் நல்லாருக்கு, நெஞ்சும் சுத்தம்," என்றார்.

"பாதியிலயே எறங்கீட்டனுங்க," என்றேன்.

ஏன் இறங்கினேன் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள்.

வெளியே தூறல். ரோட்டோரம் ஒரு மினி லாரியில் மேச்சேரி ஆடுகள் நனைந்துகொண்டு நின்றன. நனைந்த ஆட்டு வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் லேசில் போகாது. அந்த வாடையில் எங்கள் கிடாய் வந்து முன்னால் நின்றது.

அப்போது நான் போர் போடும் ரிக்கு வண்டியில் ட்ரில்லர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது அந்த வேலைக்குப் போனோம். வடக்கே போனால் எட்டு மாதம், பத்து மாதம். பாறையில் துளை இறங்கும்போது கல்தூள் மாவு மாதிரி பறக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வோம். கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடமும் கத்தித்தான் பேச வேண்டும். எனக்கு அது சௌகரியம். பேசாமலே இருந்துவிடலாம்.

ஒரு தடவை மஞ்சள் காமாலையோடு எலும்பும் தோலுமாக வந்து இறங்கினேன். என் வீட்டுக்காரி பாவாயி கருப்பணசாமிக்குக் கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். உடம்பு தேறியது. அவள் ஒரு குட்டி வாங்கிச் சாமி பேர் சொல்லி வளர்த்தாள். நான் மறுபடி வடக்கே போய்விட்டேன். அடுத்த வருசம் வந்தபோது குட்டி கிடாயாகி, என்னை முட்ட வந்தது. பிள்ளைகள் இரண்டும் அதன் பக்கம். வீட்டில் நான்தான் விருந்தாளி.

கோயிலுக்குப் போனோம். இரண்டு நாளில் நான் வண்டி ஏற வேண்டும். பூசாரி கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துலுக்குவது என்போம். துலுக்காமல் வெட்டக் கூடாது.

துலுக்கவில்லை. மூன்று சொம்பு ஆயிற்று. ஈரம் சொட்ட என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"கெடாயும் மச்சானாட்டவே இருக்குது பாரு. என்ன கேட்டாலும் வாயத் தொறக்கறதில்ல," என்றான் பாவாயியின் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

"ஊட்டுல ஏதாச்சும் மனசுக்கொற இருக்குதா? மறச்சது இருந்தாச் சொல்லீருங்க சாமி."

பாவாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏதோ சொன்னாள். ரிக்குச் சத்தம் காதில் இரைந்துகொண்டிருந்த காலம் அது. பக்கத்தில் நின்ற எனக்குப் பாதிதான் கேட்டது.

"என்ன அம்மிணி? சத்தமாச் சொல்லு," என்றேன்.

"கெடா மட்டும் வேண்டலீங்க. நீங்க பொழச்சு எந்திரிச்சா இனி ரிக்குக்கு அனுப்பமாட்டேன்னும் சொல்லியிருந்தேன். நீங்க போகோணும்னு நின்னீங்க. நானும் சொல்லாம உட்டுட்டேன்."

பிள்ளைகளைப் பார்த்தேன். வண்டியை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. மழையை நம்பி விதைக்கிற ஒன்றரை ஏக்கர் காடு, அவ்வளவுதான். மச்சினனும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"செரி. போகல," என்றேன்.

பூசாரி நாலாவது சொம்பை ஊற்றினார். கிடாய் தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது. என் சட்டையெல்லாம் மஞ்சள். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறும் என்பீர்கள். முதல் மூன்று சொம்பும் காதில் போகத்தான் செய்தது.

பிள்ளைகள் அன்று கறி தின்னவில்லை.

அப்புறம் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கினேன். மழை பெய்த வருசம் கடலை போட்டேன். கை இறுகிய நாளிலெல்லாம் அந்தக் கிடாயைத் திட்டியிருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் வளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். நான் முட்டை அடுக்கிய கையைப் பிடித்துத்தான் மகன் ஆஸ்பத்திரிப் படி ஏற்றினான்.

என்னோடு ஒரே வண்டியில் இருந்த செல்லமுத்துவும் பழனியும் இப்போது இல்லை. இருவருக்கும் நெஞ்சில் கல்தூள். செல்லமுத்துவைக் கடைசியாகப் பார்த்தபோது காதும் போயிருந்தது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கும் தலையாட்டினான். கிடாய் மேய்ந்த மேட்டுக்காடு வீட்டுமனை ஆகிவிட்டது. இப்போது கிடாயை வெட்டுக்கு முதல் நாள் சந்தையில் வாங்கி வந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதோடு பழக நேரமில்லை.

வீட்டுக்கு வந்தேன். பாவாயி அடுப்படியில் இருந்தாள். திரும்பாமலே, "டாக்டரு என்ன சொன்னாங்க?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த எனக்கு முழுசாகக் கேட்டது.