வாசலில் தலைகீழாக நின்ற குருவிகள்

கழிப்பறைக்குப் போகிற வழியில் என் தோரணத்தை மாட்டியவர்களை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அந்த அவுஸ்திரேலியப் பாலைவன நகரத்துக்கு நான் வந்த முதல் வருடம் அது. தூர ஊரில் சில வருடம் வேலை செய்தால்தான் நிரந்தர விசா என்ற விதிக்காக மெல்பேர்ணின் டண்டினொங்கை விட்டு, சிவப்பு மண்ணும் முகத்தில் மொய்க்கிற இலையானும் நிறைந்த அந்த ஊரின் முதியோர் இல்லத்தில் நேர்ஸ் வேலைக்கு வந்திருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை, பழைய ரயில் கொட்டகையில் ஊர்ச்சனம் எல்லோருக்குமான கலைக் கண்காட்சி நடக்கும். யாரும் எதையும் செய்து கொண்டுபோய் வைக்கலாம். நான் ஓலையில் ஒரு சின்னத் தோரணம் மடித்துக் கொடுத்தேன். ‘கைவேலை’ என்று ஒரு அட்டை எழுதி, கழிப்பறைக் கதவோடு ஒட்டி மாட்டிவிட்டார்கள். கை கழுவி வந்த ஒரு மனிதர் என் ஓலையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனதை இந்தக் கண்ணால் கண்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அடுத்த வருடம் கண்காட்சிக் குழுவின் மூன்று கூட்டங்களுக்குப் போனேன். தோரணம் வாசலில் கட்டுகிற சாமான், வாசலைத் தந்தால் செய்கிறேன், இல்லாவிட்டால் உங்கள் கண்காட்சியும் வேண்டாம் என்று மூன்றிலும் அதையே சொன்னேன். குழுத் தலைவி நல்ல மனுஷிதான், ஆனால் கறார். வாசலில் இருப்பதுதான் கண்காட்சியின் முகம் என்று இரண்டு முறை மறுத்தாள். மூன்றாம் முறை களைத்துப்போய்ச் சம்மதித்தாள்.

“இந்த முறை சரிவராவிட்டால் இனி நீ வாசலைக் கேட்கக் கூடாது” என்றாள்.

“கேட்க மாட்டேன்” என்றேன். வீறாப்பாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவ்வளவு ஓலைக்கு எங்கே போவது என்று யோசித்தேன்.

ஊரில் என்னைத் தவிர மொத்தம் நான்கு தமிழ்க் குடும்பங்கள். விசா கையில் கிடைத்த மறுநாளே மெல்பேர்ணுக்கு ஓடுவதற்குப் பெட்டியைப் பாதி கட்டி வைத்திருக்கிறவர்கள். அவர்களில் வயதில் மூத்தவர், டாக்டர் மகளோடு வந்து தங்கியிருந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர் அங்கிள். நான் கண்காட்சிக்கு அழைக்கப் போனபோது கதிரையை விட்டு எழும்பாமலே சிரித்தார்.

“கலியாணவீட்டு வாசலில கட்டுறதை ஆர் பிள்ளை ஆர்ட் எண்டு பாக்கப் போயினம்?”

“வந்து பாருங்கோ அங்கிள். வடையும் இருக்கு.”

“அப்ப வாறன்” என்றார். வடைக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

நகராட்சி நீச்சல் குளத்தடியில் விசிறி ஓலை மரங்கள் வரிசையாக நிற்கும். நம்முடைய பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். வெட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் குருத்துகளை வாங்கினேன். வேலை முடிந்து வந்து நான்கு நாள் இருந்து மடித்தேன். அந்த வெக்கையில் ஓலை ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். அதனால் ஈரத் துவாயில் சுற்றி ஃபிரிட்ஜில் அடைத்தேன். பாலும் கறியும் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. ஒவ்வொரு ஓலையிலும் வரிசையாக, ஓலையிலேயே மடித்த குருவிகள்.

திறப்புவிழா அன்று எனக்குக் காலை வேலை. தோரணம் வைத்த பெட்டிகளை, கண்காட்சியில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுக்கும் தொண்டரிடம் ஒப்படைத்தேன். சுரங்கத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் அவர். “வாசலுக்கு” என்று மட்டும் சொன்னேன். எந்தப் பக்கம் மேலே என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ஆட்களிடம் அதை யாரும் சொல்லிக் கொடுத்து அனுப்புவதில்லை.

மாலை நான்கரைக்கு யூனிஃபோமோடு வடைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினால், நான்கு குடும்பமும் பட்டுச் சேலையும் வேட்டியுமாகக் கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கிறது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

அங்கிள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “பிள்ளை, ஆருக்குச் செத்தவீடு?”

நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை குருவிகளும் தலைகீழாகத் தொங்கின. நல்ல காரியம் என்றால் குருவியின் தலை மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் அது இழவு வீடு. நான்கு நாள் இருந்து, என் கையாலேயே, ஊருக்கே ஒரு செத்தவீட்டு வாசல் செய்து கொடுத்திருக்கிறேன்.

தொண்டர் பெருமையோடு ஓடிவந்தார். “குருவிகள் தண்ணீர் குடிக்க இறங்குவது போல மாட்டியிருக்கிறேன், பார்த்தாயா?” என்றார். வறண்ட ஊர் மனிதர், வேறெப்படி யோசிப்பார்? அவரை ஏச வாய் வரவில்லை.

தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். “அழகாகத்தான் இருக்கிறது. இன்னும் இருபது நிமிடத்தில் மேயர் வருகிறார். யாருக்கும் தெரியாது, விடு” என்றாள்.

ஒரு நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். இறக்கினால் ஓலை கிழியும். கிழிந்தால் வாசல் எனக்கு இனி இல்லை. ஆனால் கார்களுக்கு நடுவில் பட்டுச் சேலைகள் வெயிலில் நின்றன.

“அங்கே நிற்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்” என்று சொல்லி ஏணியில் ஏறினேன்.

முதல் ஓலை கழன்றது. இரண்டாவது கையிலேயே பிளந்தது. மூன்றாவதும் பிளந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

“நீர் கழட்டித் தாரும். கிழிஞ்சதை நான் மடிக்கிறன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கிள் நின்றார்.

“உங்களுக்கு மடிக்கத் தெரியுமோ?”

“எத்தினை கலியாணவீடு கண்டனான்! கதையாம கழட்டும்.”

அவருக்குப் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி போத்தல் தண்ணீரால் ஓலையை நனைத்தாள். ஒருவர் நூல் வெட்டினார். அங்கிள் நிலத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னைவிட வேகமாக மடித்தார். தொண்டர் “மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள்” என்றபடி ஏணியை இறுகப் பிடித்தார். வந்த சனம் உள்ளே போகாமல் எங்களைச் சுற்றி நின்று படம் எடுத்தது. மேயர் வந்தார். வழியில்லை. யாரோ கயிற்றின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தார்கள். அவரும் நல்ல பிள்ளையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசிக் குருவி தலை நிமிர்ந்தபோது கைதட்டல் கொட்டகையை அதிர வைத்தது. நான் ஏணியின் உச்சியில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பார்வையாளர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தேர்ந்தெடுக்கும் பரிசு ஒன்று உண்டு. கண்காட்சியின் கடைசி நாளில் அது வாசலுக்கு என்று அறிவித்தார்கள். தலைவி நீல ரிப்பனோடு வந்தாள். ‘கைவேலை’ அட்டை இந்த முறை இல்லை. யாருடைய பெயரை எழுதுவது என்று கேட்டாள். நான்கு குடும்பத்தின் பெயர்களையும், தொண்டரின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அட்டையில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள்.

“அடுத்த வருடம் உங்களுக்கு எந்த இடம் வேண்டும்?” என்றாள் பிறகு.

நான் வாய் திறக்க முன்னமே, வடையைக் கடித்துக்கொண்டிருந்த அங்கிள் கையை உயர்த்தி, வாசலில் தொங்கிய தோரணத்தைக் காட்டினார்.

“வாசல்” என்றார், தமிழிலேயே.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.