வெறுங்கையோடு போகாதவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் அப்பாவின் மூத்த மகள் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். "படிச்ச புள்ள, நீதான் எழுதணும்" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அப்பா போய் ஒரு வருஷமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கட்டுரை வறண்டு கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, தகப்பனாரோடு வட்டகொடைக்கு மேலேயுள்ள இந்தத் தோட்டத்துக்கு வந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே எங்களையெல்லாம் ஆளாக்கினார். குடிக்க மாட்டார். கோபம் வந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னாலிருக்கும் காய்கறிப் பாத்திக்குப் போய்விடுவார். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. பிள்ளை பெற்ற வீடோ, சீக்காளி வீடோ, ஒரு கட்டுப் போஞ்சிக் காயாவது கையில் இருக்கும். இதையெல்லாம் நீங்கள் அறிவீர்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் அப்படித்தான் போனார். அங்கே மருந்துக்குக் காசில்லை, போத்தல் கொண்டுபோனால் போதும். அப்பாவுக்கு அது ஒப்பவில்லை. இனாமாக வாங்கிய மருந்து உடம்பில் ஒட்டாது, அந்தக் கடன் அடுத்த பிறவிக்கும் பின்னாலேயே வரும் என்று நம்பினார். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவிடம் முதலில் போஞ்சியைக் கொடுத்துவிட்டுத்தான் போத்தலை நீட்டுவார். அவரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து ஒருவர் தன் பாத்தியில் விளைந்த கோவா கொண்டுபோனார், இன்னொருவர் முட்டை. கொஞ்ச காலத்தில் அதுவே வழக்கமாகிப்போயிற்று. ஐயா எதையும் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

ஒரு நாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பாக்கியம் அக்கா, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒங்க பாத்தியில கொஞ்சம் போஞ்சி கெடைக்குமா? புள்ளைக்கு மருந்து எடுக்கணும். முந்தாநாளே போயிருக்கணும், கையில ஒண்ணுமில்ல."

அப்பா முகமெல்லாம் சிரிப்பாகப் பறித்துக் கொடுத்தார். அக்கா போனதும் எனக்கு வந்ததே கோபம்!

"என்னங்கப்பா இது? மருந்து நமக்குச் சேர வேண்டியது. ஒங்களைப் பாத்துப் பழகி, இப்ப காய் இல்லாதவங்க காய்ச்சலோட கெடக்குறாங்க."

"ஓட்டுரிமையையும் புடுங்கிட்டாங்க, பிரஜாவுரிமையும் கெடையாதுன்னுட்டாங்க. இந்த நாட்டுல நாம விருந்தாளிம்மா. விருந்தாளி அதட்டிக் கேக்கலாமா?"

"நீங்க பொறந்ததே இங்கதானேப்பா!"

"பொறந்துட்டா மட்டும்?" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார்.

போன வருஷ மழையில் அந்தப் பாத்தி முழுக்க அழுகிப்போனது. அந்தச் சமயம் பார்த்து கவ்வாத்துக் கத்தி அப்பாவின் காலில் பட்டது. மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போனார். கால் வீங்கியது. அம்மா கெஞ்சினார். தம்பி தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான்.

"வெறுங்கையோட அந்த மனுசன் முன்னால எப்படிப் போயி நிக்கிறது? பாத்தி தலையெடுக்கட்டும், போறேன்."

கடையில் பிஸ்கட் வாங்கித் தருகிறேன், அதைக் கொண்டுபோங்கள் என்றேன். "அது நான் வெளைய வச்சதில்லையே" என்றார். அதற்கு மேல் அவரோடு யார் பேசுவது? நினைவு தப்பிய பிறகுதான் லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அங்கேயே போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு டிஸ்பென்சர் ஐயா வந்திருந்தார். "ஏம்மா கூட்டிட்டு வரல? நான் எப்பவாச்சும் காய் கேட்டிருக்கேனா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "இல்லீங்கய்யா" என்றேன்.

குழி வெட்டியவர்களுக்கும், லொறி தந்து உதவியவருக்கும், கோடித் துணியைக் கையில் கொடுத்துவிட்டு விலை பேசாத வட்டகொடைக் கடைக்கார நானாவுக்கும், அம்மாவைத் தனியே விடாத லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. பாக்கியம் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. காரியம் முடிந்து சில நாள் கழித்து, மறுபடியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு வெறும் போத்தலோட போனேன் தங்கச்சி. ஐயா என்னையப் பாத்தாரு, போத்தலப் பாத்தாரு. மருந்த ஊத்திக் குடுத்துட்டாரு."

"அதே மருந்தாக்கா?"

"அதே மருந்துதான்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்து உலையில் போட்டேன்.

அப்பாவின் திதிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழம், தேங்காய், ஊதுபத்தி எதுவும் கொண்டுவர வேண்டாம். வெறுங்கையோடு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நில்லுங்கள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அப்பா பார்க்கட்டும்.