லா சப்பலில் ஒரு மாட்டடி

2013ஆம் ஆண்டு ஆனி மாதம், வெள்ளிக்கிழமை காலை. லண்டன் சென் பாங்கிராஸ் ரயில் நிலைய வாசலில் என்னை இறக்கிவிட்ட மகன், "அம்மா, ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை. பாஸ்போட்டைக் காட்டினாக் காணும்" என்றான். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. யாரோடும் கதைக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி. போய்வர டிக்கெற் எழுபத்தெட்டுப் பவுண். இந்த வயதில் நான் தனியாகப் புறப்பட்ட முதல் பயணம்.

பையில் இரண்டு சேலை, பிறஷர் குளிசை, ஆறு பைக்கற் உப்பும் வினாகிரியும் போட்ட உருளைக்கிழங்குக் கிறிஸ்ப்ஸ். பையைச் சோதித்த பெண் அந்தப் பைக்கற்றுகளைப் பார்த்து, பாரிஸில் சாப்பாடு கிடைக்காது என்று நினைக்கிறேனாக்கும் என்ற மாதிரிச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் போனது மங்கையைப் பார்க்க. என் வயதுச் சிநேகிதி, பாரிஸில் இருப்பவள். தை மாதம் அவளுடைய அவர் தவறிவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததிலிருந்து அவள் வீட்டுப் படி இறங்கவில்லை என்று மகள் சுதா போனில் சொன்னாள். "கோயிலுக்கும் வரமாட்டன், கடைக்கும் வரமாட்டன் எண்டுறா. சன்னலடியிலை கதிரையைப் போட்டு இருந்தபடி இருக்கிறா. நீங்கள் ஒருக்கா வாங்கோ அன்ரி. உங்கடை கதை எண்டாத்தான் அவவுக்குச் சிரிப்பு வரும்." மங்கையைச் சிரிக்கவைக்க ஆள் தேவைப்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் இரண்டு பேரில் வாய் அவளுடையது.

ரயில் கடலுக்குக் கீழே ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. இருட்டு, காது மட்டும் கொஞ்சம் அடைத்தது. கடலைக் கடந்தோம் என்ற எண்ணமே வரவில்லை. இரண்டேகால் மணித்தியாலத்தில் பாரிஸ் வடக்கு ரயில் நிலையம். சுதா வாசலில் நின்றாள்.

மங்கை வீட்டுக்குப் போகிற வழி லா சப்பல். போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான். முதல் தெரு முழுக்கப் பிரெஞ்சு. அடுத்த தெருவில் ஒரு தமிழ்ப் பலகை தெரியும். அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் தமிழ். நகைக்கடை, சேலைக்கடை, போன் கடை, நடைபாதையில் முருங்கைக்காய்க் கட்டு, ஒரு பெட்டி நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெற்றோ தடதடவென்று போகிறது. அதன் கீழே ஒருவர் நின்று போனில், "நான் இப்ப வேலையிலை நிக்கிறன்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு வடை சாப்பிட்டார்.

நான் தெருவைக் கடக்கும்போது மரக்கறிக் கடைக்காரர் கூப்பிட்டார். "அம்மா லண்டனோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"வாகனம் வராத பக்கத்தைப் பாத்துக்கொண்டெல்லோ றோட்டிலை இறங்கிறியள்! லண்டன் ஆக்கள் எல்லாருக்கும் இதே வருத்தம்தான்."

அங்கிருந்து மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ நிலையம் வரை நேரே நடந்தோம். மங்கையின் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவளை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. மெலிந்துபோயிருந்தாள். "வா. சாப்பிட்டியே?" என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போய்ச் சன்னலடியில் இருந்துவிட்டாள். பின்னேரம் முழுக்க நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் கதைத்தால் நான் கேட்பதுதான் எங்கள் பழக்கம். அவள் கதைக்காவிட்டால் என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போவோமா என்றேன். வேண்டாம் என்றாள். சேலைக்கடைக்கு? வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டபிறகு வேறு வழி தெரியாமல் ஒரு பைக்கற் கிறிஸ்ப்ஸை உடைத்து அவள் மடியில் வைத்தேன். வினாகிரி மணம் கிளம்பியது. மங்கை ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"எடியே பூமணி," என்றாள். "மாட்டடி!"

மாட்டடி என்றால் என்ன என்று சுதா கேட்டாள். அதை இங்கேயும் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு மேற்கே வில்ட்ஷியர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எங்கள் ஊர் டொக்டர்மார் இரண்டு பேர் குடும்பத்தோடு வேலைக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க நான் வந்தேன். மற்ற வீட்டில் சமைக்க மங்கை வந்தாள். எனக்கு இருபத்தொரு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்ற எங்களுக்குத் தெரிந்த இங்கிலிஷ் "யெஸ்", "நோ", "சொறி". வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் ஓய்வு. ஆனி மாதத்தில் அந்த நாட்டில் சூரியன் மறைய மனமில்லாமல் நிற்கும். வேலி மரங்களுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் கிராமம். அங்கே சிவப்பு மாடு வரைந்த பலகை தொங்கும் பப் ஒன்று இருந்தது. கோயிலடி, சந்தியடி என்பதுபோல நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாட்டடி. வீட்டில் சொன்னாலும் யாருக்கும் விளங்காது.

முதல்நாள் மழைக்குத்தான் ஒதுங்கினோம். ஊரில் கள்ளுத் தவறணைப் பக்கம் பெண்கள் தலைவைத்தும் பார்ப்பதில்லை. நான் வாசலிலேயே நனைகிறேன் என்றேன். மங்கை கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தாள். "உள்ளுக்கை ஒரு மனுசி கம்பளி பின்னுது. நெருப்புக்கு முன்னாலை நாய் படுத்திருக்கு. பாதிரியார் பியர் குடிக்கிறார். அவர் இருக்கிற இடத்திலை நாங்கள் இருந்தா என்ன?" என்றாள். கூரை அவ்வளவு தாழ்வு. நெடிய வெள்ளைக்கார மனிதர்கள் எல்லோரும் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் நிமிர்ந்தபடி போனோம்.

தொப்பி போட்ட ஒரு கிழவர் எங்களுக்கு ஒரு பைக்கற் உப்பு வினாகிரிக் கிறிஸ்ப்ஸும் இரண்டு ஷாண்டியும் வாங்கிக் கொடுத்தார். பாதி பியர், பாதி லெமனேட். அரைவாசி குடிக்கமுதல் கடைக்காரர் ஒரு மணியைக் கிலுங்கிலுங்கென்று அடித்தார். கடை பூட்டப்போகிறார்கள் என்று எங்களுக்கு என்ன தெரியும்? மணி அடித்தால் பூசை. இரண்டு பேரும் சடாரென்று எழுந்து கைகூப்பினோம். கடை முழுவதும் எங்களைப் பார்த்தது. பிறகு தொப்பிக் கிழவர் எழுந்து தானும் கைகூப்பினார். அதற்குப் பிறகு எந்த வியாழக்கிழமை மணி அடித்தாலும் வயல்வேலை முடிந்து வந்த பத்துப் பதினைந்து கமக்காரர் கைகூப்பியபடி நிற்பார்கள், பாதிரியார் உட்பட.

அன்றைக்கே இன்னொரு வேலையும் செய்தோம். கிளாஸ் இரண்டையும் கையோடு கொண்டு வந்துவிட்டோம். அயலவர் ஒரு பாத்திரத்தில் எதையும் தந்தால் கழுவித்தான் கொடுக்க வேண்டும், வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. எங்கள் வழக்கம் அதுதானே? அடுத்த வியாழன் மங்கை கச்சான் கடலையையும் உள்ளிப் பூண்டையும் பொரித்து, மிளகாய்த்தூள் பிரட்டி, இரண்டு கிளாஸிலும் நிரப்பிக் கொண்டுபோனாள். கடைக்காரரின் மனைவி முதலில் விளங்காமல் முழித்தாள். ஆண்கள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்கள். கண்ணால் தண்ணீர் ஓடியது. எல்லோரும் இன்னொரு பியர் கேட்டார்கள், பிறகு இன்னொன்று. அன்றிரவு மணி அடித்ததும் அந்த மனைவியே இரண்டு கிளாஸைத் துடைத்து எங்கள் கையில் தந்து அனுப்பினாள். இப்படி இரண்டு வருடம். மங்கை சுவரில் தொங்கிய வட்டப் பலகைக்கு அம்பு எறிந்து வென்றதும், பியானோவுக்குப் பக்கத்தில் சொல் தெரியாமல் வாயை மட்டும் அசைத்துப் பாடியதும் தனிக்கதை. ஆனால் இரண்டு வருடமும் கதவைத் திறந்தவள் மங்கை. கேட்டு வாங்கியவளும் மங்கை. நான் அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, நீங்கள் பப்புக்குப் போனனீங்களோ? என்னை மட்டும் பத்து மணிக்கு முந்தி வீட்டை வரச் சொல்லுவியள்!"

மங்கையும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடிந்ததும் முகம் மறுபடி சன்னல் பக்கம் திரும்பியது. இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

"இண்டைக்கு மாட்டடிக்குப் போவமே?" என்றேன்.

"உனக்கென்ன விசரே? இது லா சப்பல். அவர் போய் ஆறு மாசம் ஆகேல்லை, மங்கை கடையிலை இருந்து குடிக்கிறாள் எண்டு சனம் கதைக்கும். வருசம் திரும்பி ஆட்டைத்திவசம் முடியட்டும்."

"சந்தியிலை ஒரு கடை பாத்தனான். நீ கதவு திறக்க வேண்டாம். நான் திறக்கிறன். நானே போய்க் கேட்டு வாங்கிறன்."

மங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயோ? பஸ்ஸிலை ஏறி இறங்கிற இடம் கேக்க வெக்கப்பட்டுக் கடைசித் தரிப்புமட்டும் போனவளெல்லே நீ?"

"ஓம், நான்தான்."

அவள் கதிரையை விட்டு எழுந்தாள். "நில், சப்பாத்தைப் போடுறன். நீ கேக்கிறதைப் பாக்கவாவது வரத்தானே வேணும்."

மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பின்னேரம் ஏழு மணி, நல்ல வெயில். நான் வழி முழுக்கச் சுதா சொல்லித்தந்ததைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். பிரான்சில் ஷாண்டிக்குப் பெயர் பனாஷே. கடைக்கு முன்னால் நின்று இன்னொருமுறை சொல்லிப்பார்த்தேன். கதவைத் தள்ளினேன். அசையவில்லை. மறுபடியும் தள்ளினேன். பின்னால் மங்கை, "இழு மூதேவி, இழு" என்றாள். இழுத்தேன். திறந்தது.

மொட்டைத்தலை முதலாளி கவுண்டரில் நின்றார். "பொன்சுவார் மிசியே, பனாஷே" என்று இரண்டு விரலைக் காட்டினேன். அவர் ஏதோ கேட்டார். தலையாட்டினேன். இன்னும் ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். அரை லீற்றர் கிளாஸ் இரண்டில், குழந்தையைக் குளிப்பாட்டக்கூடிய அளவு, கொண்டுவந்து வைத்தார். ஒன்று ஆறு யூரோ. மங்கை மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்தாள். "அவருக்கு இந்த மாட்டடிக் கதை நல்ல விருப்பம். ஒவ்வொருக்காலும் புதுசாக் கேக்கிறமாதிரிக் கேப்பார்" என்றாள். பிறகு ஒரு மிடறு குடித்தாள்.

அப்போது கண்ணாடிக்கு வெளியே, மங்கைக்குப் பழக்கமான நகைக்கடைக்காரரின் மனைவி போனாள். நின்றாள். கிளாஸைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். மங்கையின் கை கிளாஸை விட்டு மடிக்கு இறங்கியது. அந்தப் பெண் கதவை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மங்கையக்கா! வெளிக்கிட்டாச்சே! எத்தினை நாள் உங்களைத் தேடினனான்!" என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "இதென்ன குடிக்கிறியள், நல்ல நிறமாக் கிடக்கு?"

"மருந்து. லண்டனிலையிருந்து இவ எழுதிக் குடுத்தது" என்றாள் மங்கை.

மூன்றாவது பனாஷேயையும் நான்தான் எழுந்துபோய்க் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது மங்கையின் கைப்பையிலிருந்து கனமான ஒன்று எட்டிப்பார்த்தது. அரை லீற்றர் கிளாஸ்.

"எடியே, என்னடி இது?"

"கழுவித்தானே குடுக்கோணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பும்போது வீடு முழுக்க உள்ளி பொரியும் மணம். பின்னேர ரயிலுக்குப் புறப்பட்டோம். மங்கை என்னோடு ரயில் நிலையம் வரவில்லை. சந்திவரை வந்து, "நீ போ, எனக்கு வேலை கிடக்கு" என்றாள். கையில் கிளாஸ், கச்சான் நிறைய, மேலே ஒரு கோப்பைத் தட்டு. தெருவின் மறுபக்கம் நின்று பார்த்தேன். கதவை அவளே இழுத்துத் திறந்தாள்.

லண்டனில் என் தெரு முனையிலும் ஒரு பப் இருக்கிறது. அதைக் கடந்து கோயிலுக்குப் போவேன், சந்தைக்குப் போவேன். உள்ளே எட்டிப்பார்த்ததில்லை. கூட வர மங்கை இல்லையே என்பதுதான் இத்தனை நாளும் நான் சொல்லிக்கொண்ட சாட்டு. வந்த வியாழக்கிழமை அந்தக் கதவில் கைவைத்தேன். இங்கே தள்ளத்தான் வேண்டும்.

இருந்து அரைவாசி குடிக்கும்போது கைப்பைக்குள் போன் அடித்தது. சுதா.

"அன்ரி, அம்மா தனியச் சந்திக்குப் போட்டு வந்தவ. குசினியிலை கழுவிக் கவுத்தபடி இன்னொரு கிளாஸ் கிடக்கு. முந்தினது இல்லை. இது சின்னன்."